லெய்ட்டே வளைகுடாச் சண்டையில் கடற்படைக் கட்டளையமைப்பு

லெய்ட்டே வளைகுடாச் சண்டை இரண்டாம் உலகப் போரின்போது 1944 அக்டோபர் 23 முதல் 26 வரை பிலிப்பைன்ஸ் கடற்பகுதியில் நடைபெற்றது. இதில் சப்பானியக் கடற்படையை அமெரிக்கக் கடற்படை தோற்கடித்தது. ஆனால் ஒரே களத்தில் இரு தலைமைகள் இருந்ததால் அமெரிக்கத் தரப்பு பேரழிவின் விளிம்புவரை சென்று மீண்டது.

அமெரிக்கக் கட்டளையமைப்பு

அக்டோபர் 20 அன்று லெய்ட்டே தீவில் தரையிறங்கிய படைகள் ஜெனரல் டக்ளஸ் மக்கார்தரின் கீழ் இருந்தன. அவற்றுக்குத் துணை நின்ற 7வது கடற்படைப் பிரிவின் தளபதி தாமஸ் கின்கெய்ட், மக்கார்தருக்குக் கட்டுப்பட்டவர். பெரிய வானூர்தி தாங்கிக் கப்பல்களைக் கொண்ட 3வது பிரிவின் தளபதி வில்லியம் ஹால்சியோ, பேர்ள் துறைமுகத்தில் இருந்த அட்மிரல் செஸ்டர் நிமிட்சுக்குக் கட்டுப்பட்டவர். இவ்விருவருக்கும் பொதுவான மேலிடம் வாஷிங்டனில்தான் இருந்தது. தரையிறக்கத்துக்குப் பாதுகாப்பு அளிக்குமாறு ஹால்சிக்கு ஆணையிட்ட நிமிட்சு, எதிரிக் கடற்படையின் பெரும்பகுதியை அழிக்க வாய்ப்புக் கிட்டினால் அதுவே முதன்மைப் பணி என்றும் கூறியிருந்தார்.

சப்பானியத் திட்டம்

அட்மிரல் டொயோடாவின் திட்டப்படி, ஒசாவாவின் வானூர்தி தாங்கிக் கப்பல்கள் தூண்டிலாகி ஹால்சியை வடக்கே இழுக்க வேண்டும். குரிட்டாவின் படை சான் பெர்னார்டினோ நீரிணை வழியாகவும், நிசிமுராவும் சிமாவும் சூரிகாவோ நீரிணை வழியாகவும் வளைகுடாவை அடைய வேண்டும். சிமா, நிசிமுராவின் கட்டளையின் கீழ் இல்லை. அவர் வந்து சேர்வதற்குள் நிசிமுராவின் படை அழிந்துவிட்டது.

34வது பணிப்படை

அக்டோபர் 24 அன்று, போர்க்கப்பல்களைக் கொண்ட 34வது பணிப்படை 'அமைக்கப்படும்' என்று ஹால்சி தம் தளபதிகளுக்குச் செய்தி அனுப்பினார். அதை இடைமறித்துக் கேட்ட கின்கெய்ட், படை அமைக்கப்பட்டுவிட்டது என்று எடுத்துக்கொண்டார். தாம் மீண்டும் ஆணையிட்டால் மட்டுமே அது அமையும் என்று ஹால்சி பின்னர் குறுந்தொலைவு வானொலியில் விளக்கியது கின்கெய்டுக்கு எட்டவில்லை. மூன்று குழுக்களுடன் வடக்கே செல்வதாக ஹால்சி இரவு அறிவித்தபோது, 34வது பணிப்படை நீரிணையைக் காப்பதாகக் கின்கெய்ட் நம்பினார். உண்மையில் அங்கு ஒரு கப்பல்கூட இல்லை.

சாமார் சண்டை

அக்டோபர் 25 காலை, யமாட்டோ உட்பட நான்கு போர்க்கப்பல்களுடன் வந்த குரிட்டா, சாமார் தீவருகே கிளிப்டன் ஸ்பிரேகின் சிறு படையை எதிர்கொண்டார். அதில் ஆறு சிறிய வானூர்தி தாங்கிக் கப்பல்களும் ஏழு துணைக் கப்பல்களுமே இருந்தன. கின்கெய்டின் உதவிக் கோரிக்கைகள் மானுஸ் தீவு நிலையம் வழியாகச் சுற்றிச் சென்றதால் ஹால்சியைத் தாமதமாகவே அடைந்தன. அதற்குள் ஸ்பிரேகின் கப்பல்கள் புகைத்திரை எழுப்பியும் நீர்மூழ்கிக் குண்டுகளை ஏவியும் போரிட்டன. வானூர்திகளும் தொடர்ந்து தாக்கின. தூண்டில் வெற்றி பெற்ற செய்தி கிடைக்காத குரிட்டா, பெரும்படை ஒன்றுடன் மோதுவதாகக் கருதிப் பின்வாங்கினார்.

விளைவு

ஒசாவாவின் நான்கு வானூர்தி தாங்கிகளும் மூழ்கின. அமெரிக்கர்கள் சாமாரில் கேம்பியர் பே, ஜான்ஸ்டன், ஹோல், சாமுவேல் பி. ராபர்ட்ஸ் ஆகிய கப்பல்களை இழந்தனர். தப்பிய மாலுமிகள் மீட்கப்படாமல் இரண்டு நாட்கள் கடலில் தத்தளித்தனர். பலர் அங்கேயே மாண்டனர். ஹால்சியின் முடிவு இன்றும் விவாதிக்கப்படுகிறது. எனினும் நீரிணையைக் காப்பது யார் பொறுப்பு என்று அறுதியிட்டுச் சொல்லக்கூடிய ஒரே தளபதி களத்தில் இல்லாததே இந்த இழப்பின் அடிப்படைக் காரணமாகும்.