கழுநீரும் கூந்தலும்: ஒரு வரலாற்று நோக்கு

அரிசியை உலையில் இடுமுன் களைந்தெடுக்கும் நீரைக் கழுநீர் என்றும், சோறு வெந்தபின் வடித்தெடுக்கும் நீரைக் கஞ்சி என்றும் நாம் வேறுபடுத்தி வழங்குகின்றோம். இவை இரண்டும் நமது வீடுகளில் வீணே கொட்டப்படுவன அல்ல. முன்னையது மாட்டுத் தொட்டிக்குச் செல்லும். பின்னையது குடிப்பதற்கும் வேட்டி சேலைகளுக்குப் பசையிடுவதற்கும் உதவும். இவற்றுக்குப் பிறிதொரு பயனும் உண்டு. அது தலைமயிரைக் கழுவுதல். அண்மைக் காலத்தில் இப்பயன் உலகெங்கும் பேசப்படுகின்றது. கழுநீர் போத்தல்களில் அடைக்கப்பட்டு, கீழைத்தேயப் பெண்களின் ஆயிரம் ஆண்டு இரகசியம் என்னும் பெயரோடு விலைக்கும் வருகின்றது. பழைய யப்பானின் அரசவைப் பெண்களையும் தென்சீனத்து மலைக்கிராமப் பெண்களையும் ஒரே மூச்சிற் சேர்த்துச் சொல்வதே இவ்விளம்பரங்களின் வழக்கம். ஆனால் அவ்விரு சாராரின் வரலாறும் ஒன்றன்று. ஒருவர் உண்ணும் அரிசியை மற்றவர் விளைவித்த சமூகம் ஒன்று. தாமே விளைவித்துத் தாமே உண்ட சமூகம் மற்றொன்று. இவ்வேறுபாட்டை மனங்கொண்டு, எழுத்துச் சான்றுகள் கூறுவன எவை என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலிற் சீனாவை நோக்குவோம். பண்டைச் சீனரின் ஆசாரங்களைத் தொகுத்துரைக்கும் ‘லீ ஜி’ என்னும் நூல், மேன்மக்கள் தலையைக் கழுவுதற்கு ஒருவகைச் சிறுதானியம் களைந்த நீரையும், முகத்தைக் கழுவுதற்கு அதனினும் உயர்ந்ததாகக் கருதப்பட்ட தினை களைந்த நீரையும் பயன்படுத்த வேண்டுமென விதிக்கின்றது. பெற்றோரின் முகத்தில் அழுக்குச் சேருமாயின் மக்கள் கழுநீரைச் சூடாக்கிக் கொண்டுவந்து கழுவிக்கொள்ளுமாறு வேண்டல் வேண்டும் என்பதும் அந்நூலின் விதி. இங்குப் பேசப்படுவது நெல்லரிசி அன்று என்பது கவனிக்கத்தக்கது. வடசீனம் அக்காலத்திற் சிறுதானியங்களின் நாடு, நெல் தெற்கிற்குரியது. எனவே கழுநீர் கூந்தலுக்குப் பயன்பட்ட வரலாறு நெல்லோடு மட்டும் பிணைந்ததன்று. வீட்டில் எத்தானியம் உலையேறியதோ அதன் நீரே தலைக்கும் சென்றது.

விதிநூல்கள் மக்கள் எவ்வாறு வாழவேண்டும் என்று கூறுவன. எவ்வாறு வாழ்ந்தனர் என்பதற்கு அவை போதிய சான்றாகா. அவ்வகையில் ‘சுவோ சுவான்’ என்னும் வரலாற்று நூல் தரும் ஒரு செய்தி நமக்குப் பெரிதும் உதவுகின்றது. இன்றைய சான்டுங் பகுதியில் இருந்த சி என்னும் அரசிலே, சென் குலத்தைச் சேர்ந்த சென் நி என்பவன் கொலைக் குற்றத்திற்காகப் பிடிபட்டுச் சிறையில் இருந்தான். அவனுடைய குலத்தார் அவனை நோயாளிபோல் நடிக்கச் செய்து, தலை கழுவுதற்குக் கழுநீரும், அதனோடு மதுவும் இறைச்சியும் அனுப்பிவைத்தனர். காவலர் மதுவை அருந்தி மயங்கினர். அவன் அவர்களைக் கொன்றுவிட்டுத் தப்பியோடினான். இச்செய்தி கி.மு. 481ஆம் ஆண்டுக் குறிப்புகளின் கீழ் இடம்பெறுகின்றது. நூலாசிரியர் சொல்ல வந்தது குலங்களுக்கிடையிலான அதிகாரப் போட்டியையே. எனினும், நோயுற்றவனுக்கு வீட்டார் கழுநீர் அனுப்புவது காவலருக்கு எவ்வித ஐயத்தையும் எழுப்பாத அளவிற்கு அது அன்றாட வழக்கமாக இருந்தது என்பதை நாம் இதிலிருந்து உய்த்துணரலாம். தலை கழுவியவன் பெண்ணல்லன், ஆண் என்பதும் நோக்கற்பாலது.

யப்பானில் ஹெயான் காலம் எனப்படும் 794 முதல் 1185 வரையான காலப்பகுதியிலே இவ்வழக்கத்துக்குத் தனிப் பெயரே இருந்தது. கூந்தலை நனைத்துச் சீவுதற்குரிய நீர் ‘யுசுரு’ எனப்பட்டது. அரிசி களைந்த நீரோ, அரிசியை ஆவியில் அவித்தபின் எஞ்சிய நீரோ இதற்குப் பயன்பட்டது. நமது கழுநீர், கஞ்சி ஆகிய இரண்டும் அங்கே ஒரு பெயருள் அடங்கின எனலாம். அந்நீரை ஏந்துவதற்கென மூடியுடன் கூடிய கிண்ணம் ஒன்றும் இருந்தது. அதன் பெயர் ‘யுசுருட்சுகி’. வெள்ளியாலும் அரக்குப் பூச்சினாலும் அமைந்த இத்தகைய கிண்ணங்கள் உயர்குடியினரின் அறைகளில், ஏனைய ஒப்பனைப் பொருள்களுடன் தட்டுகளில் வைக்கப்பட்டிருந்தன. நமது அரிக்கன்சட்டியிலிருந்து தொட்டிக்குச் செல்லும் நீர் அங்கே வெள்ளிக் கிண்ணத்தில் அமர்ந்திருந்தது என்று எண்ணிப் பார்க்கும்போது வியப்புண்டாகின்றது.

இக்கிண்ணம் பற்றிய மிகச் சிறந்த சான்று ஒரு பெண்ணின் எழுத்திலேயே கிடைக்கின்றது. 954 முதல் 974 வரையான இருபது ஆண்டுக்கால வாழ்வைக் கூறும் ‘ககெரோ நிக்கி’ என்னும் நாட்குறிப்பு நூலை எழுதியவள் தன் பெயரால் அறியப்படவில்லை. மிச்சிட்சுனாவின் தாய் என்றே வரலாறு அவளைக் குறிக்கின்றது. அவளுடைய கணவன் புஜிவாரா கனெயியே பெரும் செல்வாக்குப் பெற்ற பிரபு. மனைவியர் பலரை உடையவன். ஒருநாள் சிறு சொல்லொன்று வளர்ந்து பிணக்காகி, அவன் கோபத்துடன் வெளியேறிச் செல்கின்றான். நாட்கள் சில கழிகின்றன. செய்தி ஏதும் வரவில்லை. புறப்பட்ட அன்று அவன் தலைவாரப் பயன்படுத்திய கிண்ணத்தை அவள் காண்கின்றாள். நீர் அவ்வண்ணமே இருக்கின்றது; அதன் மேலே தூசி படிந்திருக்கின்றது. அவள் அதனைப் பார்த்து ஒரு கவிதை புனைகின்றாள். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆண்மகன் கழுநீரால் தலைவாரினான் என்பதற்கு இதனைவிடத் தெளிவான சான்று வேண்டுவதில்லை. ஆனால் அச்சான்று நமக்குக் கிட்டியது ஒரு பெண்ணின் மனத்துயர் காரணமாகவே. அவன் மறுநாளே திரும்பி வந்திருப்பானாயின் அந்நீர் ஏட்டில் ஏறியிராது.

ஹெயான் பெண்களின் நீண்ட கூந்தலுக்கு இந்நீரே காரணம் என்று இன்று கூறப்படுவது எவ்வளவு பொருந்தும்? அக்காலத்தில் நிலத்தைத் தொட்டுத் தவழும் கூந்தலே அழகின் இலக்கணமாயிற்று. முரகாமி மன்னனின் துணைவியருள் ஒருத்தி வண்டியில் ஏறி அமர்ந்த பின்னரும் அவளது கூந்தலின் நுனி மண்டபத் தூணடியிலேயே கிடந்தது என்று ‘ஒகாகமி’ என்னும் நூல் கூறும். இஃது உயர்வு நவிற்சி என்பதில் ஐயமில்லை. மயிர் மாதமொன்றுக்கு ஏறத்தாழ ஒரு சென்ரிமீற்றரே வளர்கின்றது. ஒரு மயிரிழை பொதுவாக இரண்டு முதல் ஆறு ஆண்டுகள் வரை வளர்ந்து பின் உதிர்ந்துவிடும். மிக நீண்ட காலம் வளரும் இயல்புடையோர் சிலரே. ஆகவே அரசவையிற் காணப்பட்ட நீளத்தின் ஒரு பகுதி இணைமயிரால் வந்தது. 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முரசாகி ஷிகிபு எழுதிய ‘கென்ஜி மொனொகதாரி’யிலேயே இதற்குச் சான்றுண்டு. வறுமையுற்ற இளவரசி ஒருத்தி, தன்னைவிட்டுப் பிரிந்து செல்லும் பணிப்பெண்ணுக்குக் கொடுப்பதற்கு வேறெதுவும் இல்லாமையால், உதிர்ந்த தன் மயிரைச் சேகரித்துச் செய்த ஒன்பது ‘ஷகு’ நீளத்துக்கு மேற்பட்ட இணைமயிரை அளிக்கின்றாள். இன்றைய கணக்கில் அது இரண்டே முக்கால் மீற்றர் அளவாகும்.

கூந்தலைப் பேணிய உண்மையான பொருள் நீரன்று. ஓய்வும் பிறர் உழைப்புமே என்பது எனது துணிபு. அதே நூலின் மற்றோர் அத்தியாயத்தில் ஒரு பிரபுவின் மனைவி தலை கழுவிக்கொண்டிருக்கையில் கணவன் வந்துவிடுகின்றான். அவனுக்குச் சமாதானம் கூறும் தோழி, இன்றைய நாள் தவறின் இம்மாதத்தில் வேறு நல்ல நாள் இல்லை என்றும், வரும் ஒன்பதாம் பத்தாம் மாதங்கள் இதற்கு ஆகாதன என்றும் காரணம் காட்டுகின்றாள். நாள் பார்த்துச் செய்யப்பட்ட அரிய சடங்காக முழுமையான தலைகழுவல் இருந்தமை இதனாற் புலனாகும். இடைப்பட்ட நாட்களிலெல்லாம் கழுநீரால் நனைத்துச் சீவுதலே நிகழ்ந்தது. சீவியவர் பணிப்பெண்கள்.

அரிசியைப் பற்றியும் ஈண்டுச் சிந்தித்தல் வேண்டும். உழவர் அரசுக்கு வரியாகச் செலுத்தியது நெல். அவர்களுள் மிகப் பலர் உண்டது சிறுதானியமும் கலப்புக் கஞ்சியுமே. தீட்டிய அரிசியைக் களைந்தால்தானே வெண்ணிறக் கழுநீர் கிடைக்கும்? நாற்று நட்ட பெண்ணின் தலைக்கு அது எட்டியிருக்குமா என்பது ஐயத்துக்குரியது. அரசவைப் பெண்கள் அத்துணை நுட்பமாகத் தம் வாழ்வை எழுதினர்; ஆயினும் அடுக்களையில் அரிசி களைந்த கைகளைப் பற்றி அவர்கள் எழுதவில்லை. கிண்ணத்துக்குப் பெயருண்டு, அதனை நிரப்பியவளுக்குப் பெயரில்லை.

பின்னாளில் யப்பானியரே இந்நீரைக் கைவிட்டு வேறு பொருள்களை நாடினர் என்பதையும் சுருக்கமாகக் குறிப்பிடலாம். எடோ காலத்திற் கொண்டைகள் உயர்ந்தன. அவற்றை நிறுத்தக் கட்டியான எண்ணெய்ப் பசை பூசப்பட்டது. அப்பசையைப் போக்கக் கழுநீர் போதாது. 1813இல் வெளிவந்த ‘மியாகோ புசொகு கெவாய்தென்’ என்னும் ஒப்பனை நூல், கடற்பாசிப் பசையையும் கோதுமை மாவையும் வெந்நீரிற் கரைத்துத் தலை கழுவும் முறையைக் கூறுகின்றது. இடையறாத ஆயிரம் ஆண்டு மரபு என்று சொல்வது எவ்வளவு பிழையானது என்பது இதனால் விளங்கும்.

இனி, தென்சீனாவின் குவாங்சி மாநிலத்திலே லொங்செங் மலைப்பகுதியில் வாழும் செவ்யாவ் மக்களை நோக்குவோம். அங்குள்ள ஹுவாங்லுவோ கிராமத்துப் பெண்கள் நீண்ட கூந்தலுக்குப் பெயர்பெற்றவர்கள். அவர்கள் கழுநீரைப் புளிக்கவைத்து, அதனுடன் பம்பளிமாசுத் தோல், இஞ்சி, எண்ணெய் பிழிந்த தேயிலையின விதைகளின் பிண்ணாக்கு முதலியவற்றைச் சேர்த்துக் காய்ச்சுகின்றனர். வாழ்நாளில் ஒரேயொரு முறை, பதினெட்டு வயதளவில், கூந்தலை வெட்டுவர். வெட்டிய மயிரும், நாள்தோறும் உதிர்ந்த மயிரும், தலையில் வளரும் மயிரும் ஆகிய மூன்றையும் சேர்த்தே கொண்டையாகச் சுற்றுவர். உதிர்ந்த மயிரைச் சேமித்த ஹெயான் இளவரசியை இது நமக்கு நினைவூட்டுகின்றது. ஆயினும் இவர்கள் திரைக்குப் பின்னிருந்த சீமாட்டிகள் அல்லர். மலைச்சரிவிலே படிப்படியாக வயல் அமைத்து நெல் விளைவிக்கும் உழவர்கள். தமது வயலின் அரிசியைத் தாமே களைந்து, அந்நீரைத் தமது தலைக்கே ஊற்றினர். அவர்களின் மரபுக்கு ஏடுகள் இல்லை. தாயிடமிருந்து மகளுக்கு வந்த வாய்மொழியும் கைப்பழக்கமுமே சான்று. முன்னர் அந்நியர் காணலாகாது என மறைக்கப்பட்ட அக்கூந்தல், இன்று உல்லாசப் பயணிகளுக்காக மேடையில் அவிழ்த்துக் காட்டப்படுகின்றது. வருவாய் வருகின்றது, அதனைக் குறை கூற நாம் யார்?

இந்நீரின் பயன் முற்றிலும் கற்பனை என்று நான் கூறவரவில்லை. கழுநீரில் உள்ள மாப்பொருள் மயிரிழையின்மேல் மெல்லிய படலமாகப் படிகின்றது. இழைகள் ஒன்றோடொன்று உராய்வது குறைகின்றது. 2010ஆம் ஆண்டில் யப்பானிய ஆய்வாளர் சிலர் யுசுருவையே ஆராய்ந்து, அது உராய்வைக் குறைத்து மயிரின் மீள்தன்மையைக் கூட்டுவதாக அறிவித்தனர். வேட்டிக்கு விறைப்பூட்டும் அதே பொருள், நீர்த்த நிலையிற் கூந்தலுக்கு வழுவழுப்பைத் தருகின்றது. ஆனால் மயிர் வளர்வது தோலுக்கடியிலுள்ள வேரிலே. கழுநீர் வேரை ஊக்கி நீளத்தைப் பெருக்கும் என்பதற்கு ஆதாரமில்லை.

நமது இலக்கியங்களும் இவ்விடயத்தில் யப்பானிய ஏடுகளைப் போன்றனவே. காவிரிப்பூம்பட்டினத்து அடுக்களைகளிலிருந்து வடித்த கஞ்சி ஆறுபோல் தெருவில் ஓடியதைப் பட்டினப்பாலை பாடுகின்றது. மாதவி கூந்தல் கழுவிய நீரில் ஊறிய துவர்களையும் விரைகளையும் ஓமாலிகைகளையும் சிலப்பதிகாரம் எண்ணிக்கையிட்டுக் கூறுகின்றது. செல்வத்தின் அடையாளமாகக் கஞ்சி ஓடலாம். நறுமணத்தின் அடையாளமாகத் துவர் ஊறலாம். ஒரு குடியானவள் வடித்த கஞ்சியை ஆறவைத்துத் தலையில் ஊற்றியதைப் பாட எப்புலவரும் முன்வந்திலர்.

இக்கட்டுரைக்கான குறிப்புகளை எடுத்துக்கொண்டிருந்த விடுமுறையில் எனது பாட்டியாரிடம் இதுபற்றி வினவினேன். அன்று வெள்ளிக்கிழமை, முழுகும் நாள். அரப்பைக் கரைப்பதற்கு அவர் ஒரு சிரட்டையளவு கஞ்சியை எடுத்து வைத்திருந்தார். யாரிடம் கற்றீர்கள், எவ்வளவு காலமாகச் செய்கின்றீர்கள் என்றெல்லாம் கேட்டு, அவர் சொன்னவற்றைக் கொப்பியில் எழுதத் தொடங்கினேன். சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தவர், “இதையுமோ பிள்ளை எழுதுவினம்?” என்று கேட்டுச் சிரித்தார். பின்னர், பானையில் எஞ்சியிருந்ததைக் கொண்டுபோய் மாட்டுத் தொட்டியில் ஊற்றினார்.