லீவு போட்டு வேட்டைக்குப் போன காலம்



அமெரிக்காவில் கொலராடோ மாநிலத்தில் வேலை பார்க்கும் நம் பழைய மாணவர் ஒருவர் போன வாரம் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினார். அவருடைய ஆபீஸ்காரர் ஒருவர் எல்க் மான் வேட்டைக்குப் போய் வந்த படம். வருஷத்தில் மிச்சமிருந்த லீவு அத்தனையையும் அந்த ஒரு வாரத்துக்கென்றே சேர்த்து வைத்திருந்தாராம். "சார், நம்ம பக்கம் உத்தியோகத்துக்குப் போறவங்க இப்படி லீவு போட்டு வேட்டைக்குப் போனதுண்டா?" என்று கேட்டிருந்தார். நல்ல கேள்வி. பதில் நீளமானது. அதனால் எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

முதலில் அந்த ஊர் நடைமுறை. கொலராடோவில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மத்திய அரசின் நிலம். தேசிய வனங்களும் அதில் அடக்கம். பெரும்பகுதிக்குள் எந்தக் குடிமகனும் கூடாரத்தோடு நுழையலாம், உரிமச் சீட்டு இருந்தால் வேட்டையும் ஆடலாம். சீட்டுக்குப் பல இடங்களில் குலுக்கல் உண்டு. துப்பாக்கி வேட்டைக்கு அக்டோபரிலும் நவம்பரிலும் சின்னச் சின்னப் பருவங்கள், ஒன்று ஐந்து நாள், இன்னொன்று ஒன்பது நாள் என்று. லாரி ஓட்டுபவரோ பள்ளிக்கூட வாத்தியாரோ அந்த நாளுக்குத் தகுந்தபடி முதலாளியிடம் லீவு கேட்க வேண்டும். துப்பாக்கி, தோட்டா மேல் போடும் வரி 1937-ஆம் ஆண்டுச் சட்டப்படி வன உயிர்ப் பாதுகாப்புக்கே போகிறது. வேட்டைக்காரர் காசில் மான் வளர்கிறது என்று அவர்கள் பெருமையாகச் சொல்வார்கள், அதில் உண்மையும் உண்டு.

'எல்க்' என்ற பெயரே ஒரு குழப்பம். ஐரோப்பாவில் அது ஒரு மிருகம், அமெரிக்காவில் வேறொன்று. நம் பக்கமும் இலங்கையிலும் இருந்த ஆங்கிலேயர் எல்க் என்று எழுதினால் அது கடமான். திருநெல்வேலி, நாகர்கோவில் பக்கம் மிளா என்பார்கள். சாமுவேல் பேக்கர் என்ற ஆங்கிலேயர் 1848 வாக்கில் நுவரெலியாவில் குடியேறி, நாய்க் கூட்டத்தோடும் இடுப்பில் கத்தியோடும் கடமானைத் துரத்தியதை 1854-இல் ஒரு புத்தகமாகவே எழுதினார். பிறகு ஆப்பிரிக்காவில் நைல் நதியின் ஊற்றைத் தேடிப் போன அதே பேக்கர்தான். அவருக்கு மேலதிகாரி யாருமில்லை, லீவுக் கணக்கும் இல்லை. அதனால் அவர் நம் கேள்விக்குள் வரமாட்டார்.

நம் கேள்விக்குள் வருபவர்கள் மதுரையிலும் திருச்சியிலும் சம்பளத்துக்கு உட்கார்ந்திருந்த வெள்ளைக்கார அதிகாரிகள். கோடைக்கானல் அன்று மதுரை ஜில்லாவைச் சேர்ந்தது, 1985-இல்தான் திண்டுக்கல்லோடு பிரிந்தது. அமெரிக்க மிஷனரிகள் 1845-இல் அங்கே முதல் வீடுகளைக் கட்டினார்கள். மதுரைக் கலெக்டராக இருந்த வீர் லெவின்ஜ் 1863-இல் ஏரியை உண்டாக்கினார். அதே காலத்தில் பழனி மலையை அளந்து அறிக்கை எழுதியவர் டக்ளஸ் ஹாமில்டன் என்ற ராணுவ அதிகாரி. பெரிஜம் பக்கத்தில் அவர் பெயரால் இன்னும் ஓர் இடம் இருக்கிறது. அவர் வேட்டைக் குறிப்புகள் 1892-இல் புத்தகமாக வந்தன. அளவெடுக்கும் வேலையும் வேட்டையும் அந்த மனிதருக்கு ஒன்றாகவே அமைந்துவிட்டன. எல்லோருக்கும் அந்த யோகம் இல்லை.

மற்றவர்கள் கணக்குப் போட வேண்டியிருந்தது. மோட்டார் ரோடு 1910-களில்தான் வந்தது. அதற்கு முன் அம்மையநாயக்கனூர் ரயிலடி வரை ரயில், அங்கிருந்து ராத்திரி முழுக்க மாட்டுவண்டி, விடிந்ததும் அடிவாரத்தில் கிருஷ்ணம்மநாயக்கன் தோப்பில் இறங்கி மலைப்பாதையில் குதிரை அல்லது டோலி. போக வர நாலு நாள் தின்றுவிடும். பத்து நாள் லீவு என்றால் காட்டில் ஆறே நாள். அந்த ஆறு நாளை எப்போது வைப்பது? ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் பழனி மலையில் மூடுபனியும் அட்டையும்தான் மிச்சம். மழை ஓய்ந்து மார்கழிப் பனி விழும்போது கிறிஸ்துமஸ் வரும், கோர்ட்டும் கச்சேரியும் மூடும். கிறிஸ்துமஸ் வேட்டை என்பது வெள்ளைக்கார உத்தியோகஸ்தர்களுக்குப் பெரிய பழக்கமானதற்கு அவர்கள் மதம் மட்டும் காரணமில்லை, வானிலையும் லீவும் கூடி வந்ததும் காரணம். கலெக்டர் மாதிரிப் பெரிய ஆட்களுக்கு லீவே தேவைப்படாது. 'கேம்ப்' போட்டுத் தாலுகா சுற்றுவதே அரசாங்க வேலை. காலையில் கணக்குப் புத்தகம், சாயங்காலம் துப்பாக்கி. (இதற்குப் பயணப்படியும் உண்டு. நமக்குத் தேர்தல் வேலைக்குப் போனதற்குப் பஞ்சப்படி மாதிரி எதையோ கொடுத்ததை நினைத்துக்கொண்டேன்.)

இப்படிப் போய்ப் போய்ச் சுட்டதில் மிருகம் குறைந்தது. நீலகிரியில் வேட்டைக்காரர்களே 1877-இல் ஒரு சங்கம் வைத்தார்கள். 1879-இல் சென்னை அரசு நீலகிரிக்கென்றே ஒரு சட்டம் போட்டது. காட்டெருமை, கடமான், அவர்கள் 'ஐபெக்ஸ்' என்ற வரையாடு, முயல், காட்டுக்கோழி, மயில், காடை எல்லாம் அதில் அடங்கும். வேட்டை கூடாத மாதங்களை அரசு அறிவிக்கலாம் என்றார்கள். உரிமம், காவலாள், ஒருவர் எத்தனை சுடலாம் என்ற கணக்கு எல்லாம் காலப்போக்கில் வந்தன. கொலராடோ ஆபீஸ்காரர் இன்று பார்க்கும் பருவ அட்டவணைக்கு நம் ஊட்டியில் அன்றே ஒரு தம்பி இருந்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் இங்கேதான் நாம் நின்று கவனிக்க வேண்டும். அமெரிக்காவில் 'பொது நிலம்' என்றால் குடிமக்கள் நிலம். 1882-ஆம் ஆண்டு சென்னை வனச் சட்டத்துக்குப் பிறகு நம் காடு 'ரிசர்வ்' காடு. அதற்குள் விதிக்கு மாறாக வேட்டையாடுவது, மீன் பிடிப்பது, கண்ணி வைப்பது எல்லாம் குற்றம். அனுமதிச் சீட்டு வாங்கலாமே என்பீர்கள். சீட்டு வாங்க முதலில் துப்பாக்கி வேண்டும். 1878 ஆயுதச் சட்டப்படி இந்தியர் லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கி வைக்கக் கூடாது, ஐரோப்பியருக்கு நெடுங்காலம் விலக்கு இருந்தது. பழனி மலைப் பளியரும் நீலகிரிக் குறும்பரும் இருளரும் தடம் பார்த்துச் சொன்னால் துரை சுடுவார், அது விளையாட்டு. அதே ஆள் அதே மானைத் தன் வீட்டுக்காகப் பிடித்தால் அது திருட்டு. லீவும் அனுமதியும் துப்பாக்கியும் ஒரே கூட்டத்தார் கையில் இருந்தன. காட்டோரத்தில் இருந்தவனுக்கு வருஷம் 365 நாளும் இருந்தது, உரிமை ஒரு நாளைக்கும் இல்லை.

லீவுக் கணக்கு வேட்டைக்கு என் கைவசம் இருக்கும் மிக நல்ல உதாரணம் கென்னத் ஆண்டர்சன் (1910–1974). பெங்களூர்க்காரர். தபால் தந்தி இலாகாவிலும் பிறகு விமானத் தொழிற்சாலையிலும் வேலை. அவர் அடிக்கடி போனது நம் தமிழ்நாட்டுக் காடுகளுக்கு, அன்றைய சேலம் ஜில்லாவின் தேன்கனிக்கோட்டை, ஜவளகிரி, அஞ்செட்டி, பென்னாகரம், ஒகேனக்கல் பக்கம். காரில் போனால் அன்றே போய்ச் சேரும் தூரம். ஆட்கொல்லிப் புலி, சிறுத்தையைப் பற்றிய அவருடைய முதல் புத்தகம் 1954-இல் வந்தது. படித்தால் புலியோடு சேர்ந்து லீவும் ஒரு பாத்திரமாகவே வரும். இத்தனை நாள்தான் இருக்கிறது, நாளைக் காலை கிளம்பியாக வேண்டும், பரணில் இன்னும் ஒரே ஒரு ராத்திரி என்று. புலி வராமலே லீவு தீர்ந்து திரும்பிய கதைகளும் உண்டு. எனக்கு அவற்றில்தான் மனிதர் அதிகம் தெரிகிறார். நான் எட்டாம் வகுப்புக்கு வாய்மொழியாகச் சொன்ன கதைகளில் இவருடையதும் உண்டு, பின் பெஞ்சுக்காரர்களுக்கு ஞாபகம் இருக்கும்.

அவர் கதைகளில் பைரா என்ற பூசாரி வருவார். சின்னாற்றங்கரையில் நாட்டுத் துப்பாக்கியோடு திருட்டு வேட்டைக்குப் பதுங்கியிருந்த நிலையில்தான் அவரைச் சந்தித்ததாக ஆண்டர்சன் எழுதுகிறார். பிடித்துக் கொடுக்கவில்லை, ஆயுள் முழுக்க நண்பராக்கிக்கொண்டார். தடம் படிக்கச் சொல்லிக் கொடுத்ததில் பைராவுக்குப் பெரிய பங்கு. புத்தகம் ஆண்டர்சன் பெயரில்தான் வந்தது, அதை நான் குறையாகச் சொல்லவில்லை. அவராவது அந்தப் பெயரை எழுதி வைத்தார்.

நம் சமவெளிக்கு வருவோம். யானைமலை, அழகர்மலைச் சுற்றுக் கிராமங்களில் நான் சின்னப் பையனாகப் பார்த்தது முயல் வேட்டை. தை அறுவடை முடிந்து, மாசி சிவராத்திரிக்கு மறுநாள் ஊரே நாய்களோடு கரட்டுக்காட்டுக்குக் கிளம்பும். பாரிவேட்டை என்பார்கள். சிப்பிப்பாறை, கன்னி நாய்கள் அதற்கென்றே வளர்ந்தன. போன இடம் பெரும்பாலும் புறம்போக்கு, கண்மாய்க்கரை, அறுத்த வயல். 'புறம்போக்கு' என்ற சொல்லை வசவாக்கிவிட்டோம், உண்மையில் நம் பொது நிலத்துக்கு அதுதான் பெயர். நாள் குறித்தது விவசாய வேலை. வயலில் வேலை ஓய்ந்த பிறகுதான் சாமி பேரைச் சொல்லி வேட்டை.

மில் வந்ததும் இந்தக் கணக்கு மாறியது. தொழிற்சாலைத் தொழிலாளிக்கு வாரம் ஒரு நாள் ஓய்வு என்பது 1891 சட்டத்தில் வந்தது. எங்கள் பெரியப்பா மதுரையில் ஒரு நூற்பாலையில் ஷிப்ட் வேலை பார்த்தார். சிவராத்திரி எந்தக் கிழமையில் வந்தாலும் வரும், அவருக்கு ஓய்வு ஞாயிற்றுக்கிழமைதான். இரண்டு மாதம் முன்பே ஆள் பிடித்து ஷிப்ட் மாற்றிக்கொள்வார். ஒரு வருஷம் மாற்றிக்கொள்கிறேன் என்றவர் கடைசி நேரத்தில் கைவிரிக்க, வேட்டையிலிருந்து நேரே சைக்கிள் மிதித்துப் போனார். சங்கு ஊதி கேட் சாத்தியாகிவிட்டது. ஒரு நாள் கூலி போச்சு, முயலும் கிடைக்கவில்லை. பெரியம்மா அதை அவர் இறக்கும்வரை சொல்லிக் காட்டினார்.

சுதந்திரத்துக்குப் பிறகு துப்பாக்கி லைசென்ஸ் பரவலானது, ஜீப்பும் ஸ்பாட்லைட்டும் வந்தன. ஒரு ராத்திரியில் முடிகிற வேட்டைக்கு லீவே தேவையில்லை! காட்டுக்கு அதுதான் பேரிடி. மாதவையாவின் மகன் மா. கிருஷ்ணன் (1912–1996) 1950 முதல் இறக்கும்வரை ஆங்கிலப் பத்திரிகையில் இயற்கை பற்றித் தொடர்ந்து எழுதியவர். தமிழிலும் எழுதினார், தேடிப் படியுங்கள். 1972-இல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அன்றே வேட்டை முடிந்துவிட்டது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அப்படியில்லை. அந்தச் சட்டத்திலும் பெருவேட்டை, சிறுவேட்டை என்று லைசென்ஸ் பிரிவுகள் இருந்தன. 1991 திருத்தத்தில்தான் அவை எடுபட்டன.

தடை சரியா என்று கேட்டால், சரி என்பேன். இத்தனை கோடிப் பேருக்கு மிச்சமிருக்கும் காட்டில் குலுக்கல் போட்டுச் சுட இடமில்லை. ஆனால் இரண்டு காலத்திலும், துரைக்காக மூடியபோதும் மிருகத்துக்காக மூடியபோதும், வாசலில் நின்றவன் ஒரே ஆள்தான் என்பதையும் சேர்த்துத்தான் வரலாறு எழுத வேண்டும்.

உறவுப் பிள்ளைகளுக்கு ஒன்று. சிவராத்திரி சமயத்தில் நாயோடு முயலுக்குப் போவது இன்று வழக்காகும். வழக்கு இருந்தால் போலீஸ் வேலைக்கும் பாஸ்போர்ட்டுக்கும் விசாரணை வரும்போது இழுபறிதான். நாயை வளருங்கள், அந்த இனங்கள் அழியக் கூடாது.

பாரிவேட்டைக்கு உங்கள் ஊரில் வேறு பெயர் இருந்ததா, பங்கு எப்படிப் பிரித்தார்கள், வேட்டைக்குப் போகாத வீட்டுக்கும் பங்கு உண்டா? வீட்டில் எண்பது தாண்டிய பெரியவர்கள் இருந்தால் இந்த வாரமே கேட்டு எனக்கு எழுதுங்கள்.