கப்பலேறி வந்த கரப்பான்

வரலாறு என்றதும் முடிசூடிய மன்னரும் கோட்டை கொத்தளங்களும் போர்க்களங்களுமே நம் மனக்கண்முன் தோன்றுகின்றன. ஆனால் படைகளையும் பண்டங்களையும் சுமந்து கடல்கடந்த மரக்கலங்களில், எவரும் அழைக்காத பயணிகள் சிலரும் உடன் வந்தனர். அவர்களுள் ஒருவர் நம் அடுக்களையில் இரவுதோறும் உலவும் கரப்பான் பூச்சியார். அற்பப் பூச்சிக்கு வரலாறு ஏது என்று ஐயுற வேண்டா. கடலூரையும் சிதம்பரத்தையும் நிலைக்களமாகக் கொண்டு அவ்வரலாற்றைச் சிறிது ஆராய்வோம்.

முதலில் அதன் உருவத்தைக் காண்போம். நம் வீடுகளில் காணப்படும் பெரிய கரப்பான் ஏறக்குறைய 4 சென்டிமீட்டர் நீளமுடையது, செம்பழுப்பு நிறத்தது. தலையை மூடி நிற்கும் கேடயம் போன்ற தகட்டின் ஓரம் மஞ்சளாக இருக்கும். உணர்கொம்புகள் உடலினும் நீண்டவை. ஆறு கால்களிலும் முட்கள் உண்டு. தட்டையான உடல் ஆதலின், மெல்லிய பிளவிலும் எளிதில் நுழைந்துவிடும். இரு பாலுக்கும் சிறகு உண்டு. ஆணின் சிறகு வயிற்றின் நுனியையும் கடந்து நீளும். பெண் பூச்சி இடும் முட்டைக்கூடு அவரை விதையைப் போன்றது. அதனுள் 14 முதல் 16 முட்டைகள் இரு வரிசையாக அடுக்கப்பட்டிருக்கும். குஞ்சு பலமுறை தோலுரித்து வளர்கிறது. தோலுரித்த உடனே வெளுத்துத் தோன்றும் பூச்சியைக் கண்டு, வெள்ளைக் கரப்பான் என வேறோர் இனம் உண்டு என்று மயங்குவாரும் உளர்.

வெப்பமும் ஈரமும் இருளும் சேர்ந்த இடமே அதற்கு இனிய உறைவிடம். சாக்கடை, குளியலறை, பண்டகசாலை, பழைய பெட்டியின் அடிப்புறம் ஆகியவற்றில் பகலெல்லாம் கூட்டமாகப் பதுங்கியிருந்து, இரவில் இரை தேடிப் புறப்படும். கடலூர்க் கரையில் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் அடைமழை பெய்து வடிகால்களில் நீர் பெருகும்போது, அவை வீடுகளுக்குள் புகுந்துவிடுகின்றன. சோற்றுப் பருக்கை, எண்ணெய்ப் பிசுக்கு, புத்தக அட்டையின் பசை, ஏன், இறந்துபோன தன் இனத்தையும் அது உண்ணும். உணவின்றிப் பல வாரம் தாங்கும். நீரின்றி நெடுநாள் தாங்காது. வாலருகே உள்ள இரு சிறு உறுப்புகள் காற்றின் மெல்லிய அசைவையும் உணர்த்துவதால், நாம் கையோங்குமுன் அது ஓடத் தொடங்கிவிடுகிறது. அதன் ஓட்டம் நொடிக்கு ஒன்றரை மீட்டர் என்று 1991-ஆம் ஆண்டில் ஆய்வாளர் அளந்தறிந்தனர். அவ்வேகத்தில் அது பின்னங்கால் இரண்டினால் மட்டுமே ஓடுகின்றதாம்!

இனி அதன் பெயர் வரலாற்றுக்கு வருவோம். ஆங்கிலக் கம்பெனியார் 1690-ஆம் ஆண்டில் மராட்டியரிடமிருந்து தேவனாம்பட்டினத்துக் கோட்டையை விலைக்கு வாங்கினர். கோட்டையிலிருந்து சுட்ட பீரங்கிக் குண்டு சென்று விழுந்த எல்லைக்குட்பட்ட நிலமும் அவர்களுக்கு உரியதாயிற்று. குண்டு கிராமங்கள் என்னும் பெயர் அதனால் வந்ததே. புனித டேவிட் கோட்டை என்னும் அவ்வரணை 1758-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் பிரெஞ்சுத் தளபதி லாலி கைப்பற்றி இடித்தார். அதே ஆண்டில், சுவீடன் நாட்டு அறிஞர் லின்னேயஸ் உயிர்களுக்கெல்லாம் முறையாகப் பெயர் சூட்டிய நூலின் பத்தாம் பதிப்பை வெளியிட்டார். அதில்தான் நம் கரப்பானுக்கு ‘அமெரிக்கானா’ என்னும் பெயர் வழங்கப்பட்டது. கோட்டை இன்று இடிபாடாய்க் கிடக்கிறது. பெயரோ இன்றளவும் நிலைத்துவிட்டது.

அப்பெயர் பொருந்துமா? பொருந்தாது என்பதே அறிஞர் முடிவு. இப்பேரினத்தைச் சேர்ந்த பூச்சி எதுவும் அமெரிக்காவுக்கு இயற்கையாக உரியதன்று. இதன் தாயகம் ஆப்பிரிக்கா என்று ரென் என்னும் அமெரிக்கப் பூச்சியியலார் 1945-ஆம் ஆண்டில் எடுத்துக்காட்டினார். ஆப்பிரிக்க மக்களைச் சங்கிலியிட்டு அட்லாண்டிக் கடலைக் கடத்திச் சென்ற அடிமைக் கப்பல்களின் அடித்தளத்தில் இப்பூச்சியும் சென்றது என்பர். மனிதனை மனிதன் பண்டமாக விற்ற கொடுமைக்கு ஏட்டுச் சான்றுகள் பல உண்டு. எழுத்தறியாத சான்றாக இப்பூச்சியும் நிற்கிறது. கப்பல்களில் அது பெருகிய விதம் பெரிது. ‘பவுண்டி’ என்னும் கப்பலின் தலைவர் பிளை, 1789-ஆம் ஆண்டில் தாகித்தித் தீவில், கரப்பானை ஒழிக்கக் கப்பலின் உட்புறத்தைக் கொதிநீரால் கழுவச் செய்தார்.

பெயரால் பழி சுமத்துவது மனித இயல்பு போலும். வேறொரு சிறு கரப்பானை ஜெர்மானியர் ‘ருஷியன்’ என்றனர். ருஷியரோ அதனையே ‘பிரஷியன்’ என்றனர்! நம் நாட்டிலும் இதற்கு ஒப்புமை உண்டு. பரங்கிக்காய் ஐரோப்பாவில் விளைந்ததன்று, அமெரிக்காவினின்று வந்தது. கொண்டுவந்தவர் பரங்கியர் ஆதலின் அப்பெயர் பெற்றது. போர்த்துகீசியர் புதுத்துறை என்றழைத்த ஊரை நாம் பரங்கிப்பேட்டை என்பதும் அவ்வாறே. பெயர், வந்த வழியைக் காட்டும். பிறந்த இடத்தைக் காட்டும் என்று கொள்ளலாகாது.

சிதம்பரத்தின் தொடர்பு வேறு வகையானது. தில்லைக் கோயிலில் பூட்டிக் கிடந்த தேவார ஏடுகளைச் சோழ மன்னரும் நம்பியாண்டார் நம்பியும் திறந்து கண்டபோது, பெரும்பகுதியைக் கறையான் அரித்திருந்தது என்பது வழிவழி வரும் செய்தி. கறையான் எறும்பினத்தைச் சேர்ந்தது என்று பலர் எண்ணுகின்றனர். அஃது உண்மையன்று. அது கரப்பானின் நெருங்கிய உறவு என்பது மரபணு ஆராய்ச்சியால் 2007-ஆம் ஆண்டில் உறுதிப்பட்டது. ஆகவே, தமிழ் ஏடுகளைத் தின்ற கறையானும் இன்று புத்தகப் பசையைத் தின்னும் கரப்பானும் ஒரே குடும்பத்துப் பங்காளிகள்!

அதே சிதம்பரத்தில் 1929-ஆம் ஆண்டில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் தோன்றியது. விலங்கியல் பயின்ற மாணவர் பல தலைமுறையாக, நம் நாட்டுக் கல்லூரிகள் எங்கும், கரப்பானை அறுத்தே பூச்சியின் உடலமைப்பைக் கற்றனர். இவ்வழக்கத்தைப் படிப்படியாகக் குறைக்கப் பல்கலைக்கழக மானியக் குழு 2011-ஆம் ஆண்டில் நெறிமுறை வகுத்தது. ஆயினும் ஆராய்ச்சி நின்றுவிடவில்லை. 2018-ஆம் ஆண்டில் சீன அறிஞர் இப்பூச்சியின் மரபணுத் தொகுதியை முழுதும் படித்து வெளியிட்டனர். அது மனிதனுடையதினும் சற்றுப் பெரிது. மணத்தையும் சுவையையும் உணர்வதற்கும் நஞ்சை முறிப்பதற்கும் உரிய மரபணுக்கள் அதில் மிகுதி என்று கண்டனர். கரப்பான் எங்கும் பிழைப்பதன் காரணம் அதனால் ஒருவாறு விளங்குகிறது.

கரப்பான் நோய்க்கிருமிகளைக் காலில் சுமந்து உணவில் சேர்க்கிறது. அதன் கழிவும் உதிர்ந்த தோலும் சிலருக்கு இழுப்பு நோயைத் தூண்டுகின்றன. ஆகவே உணவை மூடி வைப்பதும், ஈரத்தைத் துடைப்பதும், சுவரின் பிளவுகளை அடைப்பதும் நம் கடமை. நூல்களை அடிக்கடி எடுத்துப் படிப்பதும் ஒரு காப்பே. பூட்டி வைத்த ஏடே கறையானுக்கு இரையாயிற்று. மாணவர்கள் மற்றொன்றையும் மனத்திற் கொள்ளல் வேண்டும். ஒரு பெயரைக் கேட்டதும் அதுவே உண்மை என்று துணிதல் அறிவாகாது. அப்பெயரை இட்டவர் யார், எங்கிருந்து பார்த்து இட்டார் என்று வினவுங்கள். அவ்வினாவே வரலாற்றறிவின் தொடக்கமாகும்.