ஐஸ் நிலவறையும் வெந்நீர்த் தொட்டியும்

காமர்ஸ் படிக்கிற நமக்கு 'சரக்கிருப்பு' என்றால் மூட்டையும் பெட்டியும்தான் ஞாபகம் வரும். குளிரையும் சூட்டையும்கூட இருப்பு வைத்துப் பிழைத்த தொழில் ஒன்று இருக்கிறது: பீர் தொழில். (குடிக்கச் சொல்லவில்லை, கதையை மட்டும் கேளுங்கள்!)

ஜெர்மனியின் பவேரியாவில் 1553ல் ஒரு சட்டம் போட்டார்கள். ஏப்ரல் 23 முதல் செப்டம்பர் 29 வரை பீர் காய்ச்சக் கூடாது. வெயில் காலத்தில் காய்ச்சினால் கெட்டுப்போகும் என்பதுதான் காரணம். ஆகவே மார்ச்சிலேயே காய்ச்சி நிலவறையில் வைத்து, கோடையில் விற்றார்கள். பிறகு, குளிர்காலத்தில் ஏரியில் உறைந்த ஐஸை அறுத்து வந்து நிலவறைகளில் நிரப்பினார்கள். மேலே நிழலுக்கு மரம் நட்டார்கள். அந்த நிழலில் பெஞ்சு போட்டதுதான் பீர் தோட்டம் ஆனது!

இதில் ஒரு சிக்கல். குளிர் குறைந்த வருஷம் ஐஸ் கிடைக்காது, முதலாளி பாடு திண்டாட்டம். 1870களில் கார்ல் வான் லிண்டே என்ற பொறியாளர் மியூனிக்கின் ஸ்பாட்டன் ஆலையில் குளிர்பதன இயந்திரத்தைச் சோதித்தார். 1879ல் கம்பெனியே தொடங்கிவிட்டார். இனி எந்த மாதமும் காய்ச்சலாம். ஆனால் இயந்திரத்தை ஓட்ட நிலக்கரி வேண்டும்.

இப்போது ஆஸ்திரியாவுக்கு வாருங்கள். லியோபன் நகரின் கோஸ் ஆலையில், 2013ல் 1,500 சதுர மீட்டருக்குச் சூரிய வெப்பத் தகடுகள் வைத்தார்கள். கூடவே 2 லட்சம் லிட்டர் வெந்நீர்த் தொட்டி. அரைத்த மால்ட்டை வெந்நீரில் ஊறவைக்க 60 முதல் 75 டிகிரி போதும். அதற்குப் போய் கொதிகலன் நீராவி எதற்கு? நீராவிக்குப் பதில் வெந்நீரில் ஓடும்படி பாத்திரத்தை மாற்றினார்கள். பக்கத்து மர ஆலையின் கழிவு வெப்பமும் வருகிறது. 2015ல் தானியச் சக்கையிலிருந்து எரிவாயு எடுக்கவும் தொடங்கினார்கள்.

என் கணக்கில் முக்கியமானது தகடு அல்ல, தொட்டி. பகல் வெயில் ராத்திரி வேலைக்கு உதவுவது அதனால்தான். மாதாமாதம் வரும் எரிபொருள் பில், ஒரே தடவை போடும் முதலீடாக மாறுகிறது. அந்த முதல் பணம் கையில் இல்லாத சின்ன ஆலைகள்தான் தயங்குகின்றன. வங்கிக் கடன் பேச வேண்டிய இடமும் அதுதான்.

பாலைப் பதப்படுத்தவும் 72 டிகிரி போதும். ஆகவே இது பீர்க்காரர்கள் கதை மட்டும் இல்லை. குளிர் குறைந்த வருஷத்துக்குப் பயந்து நிலக்கரிக்குப் போனோம். அந்தப் புகையே இன்று குளிர்காலத்தைக் குறைக்கிறது. பழைய நிலவறைக்காரர்களின் சேமிப்புப் புத்தி மறுபடி தேவைப்படுகிறது, இந்த முறை சூட்டுக்கு.