சமயபுரத்துப் பாசறையும் ஒரு முதிய தளபதியும்

சமயபுரம் என்றவுடன் மாரியம்மன் திருக்கோயிலும் பூச்சொரிதல் விழாவுமே நம் நினைவுக்கு வருகின்றன. அவ்வூர் ஒரு பெரும்போரின் திருப்புமுனையாகவும் விளங்கிற்று என்பதை மாணவர் பலர் அறியார். 1752ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் அங்கே பாசறை அமைத்திருந்தவர் ராபர்ட் கிளைவ். அப்போது அவருக்கு வயது 26. அவரை அங்கே அனுப்பியவரோ 54 வயதினரான மேஜர் ஸ்டிரிங்கர் லாரன்ஸ். கிளைவின் பெயர் பாடநூல்களில் நிறைந்திருக்க, லாரன்ஸின் பெயர் அடிக்குறிப்பில் ஒதுங்கிவிட்டது. அம்முதியவரின் நீண்ட வாழ்வைப் பற்றியே ஈண்டுக் கூறக் கருதுகிறேன்.

லாரன்ஸ் ஜிப்ரால்ட்டரிலும் பிளாண்டர்ஸிலும் பணியாற்றியவர். 1746இல் ஸ்காத்லாந்தின் கல்லோடன் போரிலும் நின்றவர். பிறர் ஓய்வை எண்ணும் ஐம்பதாம் வயதில், 1748இல், கடலூருக்கு அருகேயுள்ள செயின்ட் டேவிட் கோட்டைக்கு வந்திறங்கினார். கும்பெனியிடம் அப்போது இருந்த படை, படை என்று சொல்லத் தக்கதன்று. கிடங்குகளைக் காக்கும் காவலர் கூட்டமே. அதற்கு ஒழுங்கும் பயிற்சியும் தந்தவர் லாரன்ஸ். அதனால் அவரை இந்திய இராணுவத்தின் தந்தை என்று ஆங்கில வரலாற்றாசிரியர்கள் போற்றுகின்றனர்.

திருச்சிராப்பள்ளிக் கோட்டைக்குள் முகம்மதலி முற்றுகைக்குள்ளாகி இருந்தார். வெளியே சந்தா சாகிபும், அவருக்குத் துணையாகப் பிரெஞ்சுத் தளபதி லாவும் நின்றனர். லாரன்ஸும் கிளைவும் வந்து சேர்ந்ததும் லா அஞ்சித் திருவரங்கத் தீவுக்குள் ஒதுங்கினார். காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே அகப்பட்ட அப்படைக்குப் புதுச்சேரியிலிருந்து உணவும் உதவியும் வரும் வழி வடகரையில் இருந்தது. அவ்வழியை அடைக்கச் சமயபுரத்தைப் பிடிக்க வேண்டும். அதற்குச் சிறிய படையை இரண்டாகப் பிரிக்க வேண்டும். யோசனை கிளைவுடையது. தம்மில் பாதி வயதே ஆன இளைஞனின் யோசனையை ஏற்று, அவனையே தலைவனாக்கி அனுப்பிய துணிவு லாரன்ஸுடையது. இவற்றுள் பின்னையதே அரிது என்பேன்.

சமயபுரத்தில் ஓர் இரவு பகைவர் பாசறைக்குள் புகுந்துவிட்டனர். ஆங்கிலப் படையை விட்டு ஓடிப் பிரெஞ்சுக்காரருடன் சேர்ந்தவர்கள் முன்னே வந்து ஆங்கிலத்தில் பேசியதால் காவலர் ஏமாந்தனர். கிளைவ் மயிரிழையில் உயிர் தப்பினார். ஆயினும் வழி அடைபட்டது அடைபட்டதே. ஜூன் மாதத்தில் லா சரணடைந்தார். சந்தா சாகிப் கொலையுண்டார்.

வெற்றிக்குப் பின்னும் திருச்சிக்கு அமைதி கிட்டவில்லை. 1753இலும் 1754இலும் லாரன்ஸ் அந்நகரைக் காத்து நின்றார். 1753 ஜூனில் பொன்மலையில் கடும்போர் நடந்தது. எனினும், பீரங்கியைவிடப் பசியே பெரும்பகை. அரிசி வண்டிகள் புதுக்கோட்டைத் தொண்டைமான் நாட்டின் வழியே வரவேண்டும். அவற்றைப் பகைவரிடையே பாதுகாத்துக் கொணர்ந்தவருள் முதன்மையானவர் இராமநாதபுரத்துப் பனையூரில் பிறந்த யூசுப் கான். அவர் திறமையை லாரன்ஸ் மனமாரப் பாராட்டிப் பரிந்துரைத்தார். கும்பெனி பொற்பதக்கம் வழங்கிற்று.

லாரன்ஸுக்கு வழித்தோன்றல்கள் இல்லை. அவர் குடும்பமாகக் கொண்டது நண்பர் ராபர்ட் பாக்கின் குடும்பத்தை. பாக் முதலில் கும்பெனியின் பாதிரியார்; பின்னர்த் தஞ்சை மன்னரிடம் தூது சென்றவர்; 1763 முதல் 1767 வரை சென்னை ஆளுநர். நமக்கும் ஈழத்துக்கும் இடையேயுள்ள பாக்கு நீரிணை அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. வெற்றிலைப் பாக்குக்கும் அதற்கும் தொடர்பில்லை! பாக் தம் மகனுக்கு லாரன்ஸ் என்றே பெயரிட்டார். முதியவரும் அக்குழந்தைகளைத் தம் மக்களாகவே கருதினார்.

இங்கே வரலாறு நம்மைச் சற்றுத் தடுத்து நிறுத்துகிறது. மதுரையை ஆண்ட யூசுப் கான், நவாபுக்குப் பணிய மறுத்துத் தனித்து நின்றார். கும்பெனியும் நவாபும் மதுரையை முற்றுகையிட்டனர். உடனிருந்தோரே காட்டிக் கொடுக்க, 1764 அக்டோபர் 15ஆம் நாள் அவர் தூக்கிலிடப்பட்டார். அவருக்கும் மனைவியும் சிறு மகனும் இருந்தனர். அப்போது சென்னை ஆளுநர் பாக், படைத்தலைவர் லாரன்ஸ். ஒரு நண்பன் குழந்தைகளிடம் அத்துணை அன்பு செலுத்திய அம்மனிதர், தாம் வளர்த்த வீரனின் முடிவை எவ்வுள்ளத்தோடு கேட்டிருப்பார்? திருச்சி முற்றுகையைப் படிக்கும் மாணவர் இக்கேள்வியைத் தாண்டிச் செல்லலாகாது.

1766இல் லாரன்ஸ் ஓய்வு பெற்றார். டெவன் மாவட்டத்து ஹால்டன் இல்லத்தில் பாக் குடும்பத்தாருடன் எஞ்சிய நாட்களைக் கழித்து, 1775 ஜனவரி 10இல் மறைந்தார். தம் செல்வத்தை அக்குடும்பத்துக்கே விட்டுச் சென்றார். பாக் 1788இல் அருகிலுள்ள குன்றின் மேல் முக்கோண வடிவிலான கோபுரமொன்றை நண்பரின் நினைவாக எழுப்பினார். கும்பெனியோ இலண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் மடாலயத்தில் நினைவுச் சின்னம் அமைத்தது. அதன் அடியில் திருச்சிராப்பள்ளி நகரின் காட்சி சலவைக்கல்லில் செதுக்கப்பட்டிருக்கிறது. யூசுப் கானின் சமாதி மதுரைச் சம்மட்டிபுரத்தில் இருக்கிறது. அதன் மேல் 1808இல் சிறு பள்ளிவாசல் ஒன்று எழுந்தது.