வியட்நாம் போரும் அமெரிக்க மக்கள் கருத்தும்

1965ல் அமெரிக்கத் தரைப்படை வியட்நாமில் இறங்கியது. 1973ல் கடைசிப் போர்ப்படைகள் வெளியேறின. இடைப்பட்ட எட்டு ஆண்டுகளில், ராணுவத்தை அங்கேயே வைத்திருப்பதா, திரும்ப அழைப்பதா என்று அமெரிக்க மக்களிடம் கருத்துக்கணிப்பு நிறுவனங்கள் ஓயாமல் கேட்டன. அந்தப் பதில்களைக் கால வரிசையில் வைத்துப் பார்த்தால் ஓர் உண்மை துலங்கும். போருக்குப் போனதே தவறு என்று பெரும்பான்மையோர் சொன்ன காலம் வேறு. படைகள் குறித்த நாளுக்குள் திரும்பியாக வேண்டும் என்று பெரும்பான்மையோர் சொன்ன காலம் வேறு. இரண்டுக்கும் நடுவே இரண்டு ஆண்டுகள் கடந்தன. அதற்குள் ஏறத்தாழ 20,000 அமெரிக்கச் சிப்பாய்கள் இறந்தார்கள். வியட்நாமியர் சாவு அதைப் போல் பல மடங்கு.

தொடக்க ஆதரவு

1964 ஆகஸ்டில் டோன்கின் வளைகுடாத் தீர்மானம் அதிபர் லிண்டன் ஜான்சனுக்குப் படை நடத்தும் அதிகாரத்தைக் கொடுத்தது. கீழவையில் எதிர்ப்பு வாக்கு ஒன்றுகூட இல்லை. செனட்டில் வேய்ன் மோர்ஸ், எர்னஸ்ட் குரூனிங் ஆகிய இருவர் மட்டும் எதிர்த்தனர். 1965 மார்ச் 8 அன்று டா நாங் கடற்கரையில் கடற்படைக் காலாட்கள் இறங்கினர். அந்த ஆண்டு முடிவதற்குள் வியட்நாமில் இருந்த அமெரிக்கப் படையினர் 1,84,000 பேர்.

கருத்துக்கணிப்பு நடத்தும் காலப் நிறுவனம் 1965 ஆகஸ்டில் ஒரு கேள்வியைக் கேட்கத் தொடங்கியது. இதுவரை நடந்தவற்றை வைத்துப் பார்க்கும்போது வியட்நாமுக்குப் படை அனுப்பியது தவறு என்று நினைக்கிறீர்களா? முதல் முறை தவறு என்றவர்கள் 24 சதவீதம். தவறில்லை என்றவர்கள் ஏறத்தாழ 60 சதவீதம். அதே கேள்வியைச் சொல் மாறாமல் ஆறு ஆண்டுகள் திரும்பத் திரும்பக் கேட்டதுதான் இந்தக் கணிப்பின் பலம். கேள்வி மாறாததால், மாறியது மக்கள் மனம்தான் என்று உறுதியாகச் சொல்ல முடிகிறது.

தொடக்க ஆதரவை முழுப் போர்வெறி என்று எடுத்துக்கொள்வது பிழை. 1966ன் தொடக்கத்தில் அரசியல் அறிஞர் சிட்னி வெர்பாவும் அவருடைய சகாக்களும் நடத்திய ஆய்வு இதைக் காட்டியது. ஜான்சன் போரை நடத்தும் விதத்தை ஏற்றவர்களிலேயே பலர் எதிர்த்தரப்போடு பேச்சுவார்த்தை நடத்தச் சம்மதித்தார்கள். போருக்காக வரியை உயர்த்தவோ, உள்நாட்டு நலத்திட்டங்களைக் குறைக்கவோ அவர்கள் விரும்பவில்லை. ஜான்சனுக்கும் இது தெரிந்திருந்தது. வறுமை ஒழிப்புத் திட்டங்களையும் போரையும் ஒருசேர நடத்த முடியும் என்று சொல்லிவந்த அவர், வருமான வரிமீது 10 சதவீத மேல்வரி கேட்டது 1967 ஆகஸ்டில்தான். அது சட்டமானது 1968 ஜூனில். போருக்கு ஆன செலவு 100 பில்லியன் டாலரைத் தாண்டியது. அந்தச் சுமையை மக்களிடம் முதலிலேயே வெளிப்படையாகச் சொல்லியிருந்தால் விவாதம் இரண்டு ஆண்டுகள் முன்பே தொடங்கியிருக்கும். சொல்லாமல் தள்ளிப்போட்டது ஜான்சன் அரசின் பெரிய குற்றம்.

டெட் தாக்குதலும் 1968ம்

மார்ட்டின் லூதர் கிங் 1967 ஏப்ரல் 4 அன்று நியூயார்க் ரிவர்சைட் தேவாலயத்தில் போரைக் கண்டித்துப் பேசினார். அதே மாதம் குத்துச்சண்டை வீரர் முகமது அலி ராணுவத்தில் சேர மறுத்தார். இருவரையும் அன்று பெருவாரியான பத்திரிகைகள் கண்டித்தன. ஆனால் 1967 அக்டோபரில் காலப் கேள்விக்குத் தவறு என்றவர்கள் 47 சதவீதம். தவறில்லை என்றவர்கள் 44 சதவீதம். முதன்முறையாகத் தராசு மறுபக்கம் சாய்ந்தது.

அடுத்த மாதமே வியட்நாமில் இருந்த அமெரிக்கப் படையின் தளபதி வெஸ்ட்மோர்லண்டை வாஷிங்டனுக்கு வரவழைத்து, போரின் முடிவு கண்ணுக்குத் தெரியத் தொடங்கிவிட்டது என்று பேசவைத்தார்கள். பத்து வாரங்களே ஆகியிருந்தன. 1968 ஜனவரி இறுதியில், சந்திரப் புத்தாண்டான டெட்டை ஒட்டி, வட வியட்நாம் படையும் தென்பகுதிக் கெரில்லாக்களும் நூற்றுக்கும் மேற்பட்ட ஊர்களில் ஒரே நேரத்தில் தாக்கினார்கள். சைகோனில் அமெரிக்கத் தூதரக வளாகத்துக்குள்ளேயே சண்டை நடந்தது. ராணுவக் கணக்கில் தாக்கியவர்களுக்கே இழப்பு அதிகம். ஆனால் வெற்றி அருகில் இருக்கிறது என்று அரசு சொல்லிவந்த பேச்சு அதோடு செல்லாமல் போனது.

தொலைக்காட்சிச் செய்தியாளர் வால்டர் கிரான்கைட் 1968 பிப்ரவரி 27 அன்று, போர் முட்டுச் சந்தில் நிற்கிறது என்ற பொருளில் பேசினார். அந்த ஒரு நிகழ்ச்சியே அமெரிக்கர் மனத்தை மாற்றிவிட்டது என்று இன்றும் எழுதப்படுகிறது. தேதிகள் அதற்கு இடம் தரவில்லை. நான்கு மாதம் முன்பே மக்கள் மாறத் தொடங்கியிருந்தார்கள். இன்னொன்றும் உண்டு. டெட் தாக்குதல் நடந்த உடனே, தங்களைப் போர் ஆதரவாளர் என்று சொல்லிக்கொண்டவர்களின் பங்கு கூடி 60 சதவீதத்தை எட்டியது. எதிரி அடித்தால் திருப்பி அடி என்பதே முதல் உணர்வாக இருந்தது. அந்தச் சூடு தணிந்த பிறகு, மார்ச் மாத இறுதிக்குள் ஆதரவாளரும் எதிர்ப்பாளரும் ஏறக்குறையச் சமமானார்கள்.

மார்ச் 10 அன்று, மேலும் 2,06,000 படையினரை ராணுவம் கேட்டிருக்கிறது என்ற செய்தியை நியூயார்க் டைம்ஸ் வெளியிட்டது. இரண்டு நாள் கழித்து நியூஹாம்ப்ஷயர் மாநிலத்தில் நடந்த ஜனநாயகக் கட்சி முதற்கட்டத் தேர்தலில், போரை எதிர்த்த செனட்டர் யூஜின் மெக்கார்தி 42 சதவீத வாக்கு பெற்றார். பதவியில் இருந்த அதிபருக்கு 49 சதவீதம்தான். அமைதிக்குக் கிடைத்த வாக்கு என்று இது கொண்டாடப்பட்டது. ஆனால் மெக்கார்திக்கு வாக்களித்தவர்களைப் பின்னர் ஆராய்ந்தபோது, ஜான்சன் போதிய கடுமையோடு போரிடவில்லை என்று கோபப்பட்டவர்களே அவர்களில் அதிகம் என்று தெரிந்தது. அதிருப்தி ஒன்று, அதன் திசைகள் இரண்டு. மார்ச் 31 அன்று, வட வியட்நாமின் பெரும்பகுதியில் குண்டுவீச்சை நிறுத்துவதாக அறிவித்த ஜான்சன், மீண்டும் போட்டியிடப் போவதில்லை என்றும் சொன்னார். 1968 ஆகஸ்டில் போர் தவறு என்றவர்கள் 53 சதவீதம். தெளிவான பெரும்பான்மை அப்போதுதான் வந்தது.

நவம்பர்த் தேர்தலில் அந்தப் பெரும்பான்மைக்குத் தேர்ந்தெடுக்க எதுவும் இல்லை. வியட்நாம் விஷயத்தில் குடியரசுக் கட்சி வேட்பாளர் ரிச்சர்ட் நிக்சனும் ஜனநாயகக் கட்சி வேட்பாளர் ஹியூபர்ட் ஹம்ஃப்ரியும் பேசியது ஏறத்தாழ ஒன்றுபோலவே இருந்தது. நிக்சன் 43.4 சதவீத வாக்கோடு வென்றார்.

எதிர்த்தவர்கள் யார்?

போர் எதிர்ப்பு என்றால் நீள்முடி மாணவர் ஊர்வலமே பலர் நினைவில் நிற்கிறது. கணிப்புகள் காட்டும் படம் வேறு. முப்பது வயதுக்கு உட்பட்டவர்களைவிட முதியவர்களே போர் தவறு என்று அதிகம் சொன்னார்கள். கல்லூரி படித்தவர்களைவிட, பள்ளிப் படிப்போடு நின்றவர்களே படை விலக்கலை அதிகம் விரும்பினார்கள். ஆண்களைவிடப் பெண்களும், வெள்ளையரைவிடக் கறுப்பினத்தவரும் போருக்கு எதிராக இருந்தார்கள். கட்டாய ராணுவச் சேவையில் கல்லூரி மாணவர்களுக்குத் தவணை கிடைத்தது. எளிய வீட்டுப் பிள்ளைகளுக்கு அந்த வழி கிடைப்பது அரிது. யார் வீட்டுக்குச் சவப்பெட்டி வந்ததோ அவர்கள் ஊர்வலம் போகவில்லை. ஆனால் கேட்டபோது பதில் சொன்னார்கள்.

அவர்களில் பலருக்கு மாணவர் போராட்டத்தின் மீதும் வெறுப்பு இருந்தது. 1970 மே 4 அன்று கென்ட் மாநிலப் பல்கலைக்கழகத்தில் தேசியக் காவல்படையினர் நான்கு மாணவர்களைச் சுட்டுக் கொன்றனர். அதன் பின் எடுத்த காலப் கணிப்பில் மாணவர்கள் மேலேயே பழி போட்டவர்கள் 58 சதவீதம். காவல்படையைக் குற்றம் சொன்னவர்கள் 11 சதவீதம். போரையும் வெறுத்து, போரை எதிர்த்துத் தெருவில் இறங்கியவர்களையும் வெறுத்த மக்கள் கோடிக்கணக்கில் இருந்தார்கள். இதை விளங்கிக்கொள்ளாமல் நிக்சன் காலத்தை விளங்கிக்கொள்ள முடியாது.

ஆதரவு ஏன் சரிந்தது என்பதற்கு அதிகம் எடுத்தாளப்படும் விளக்கம் அரசியல் அறிஞர் ஜான் முல்லர் 1973ல் வெளியிட்ட நூலில் உள்ளது. கொரியப் போரையும் வியட்நாமையும் ஒப்பிட்ட அவர், இழப்பு பத்து மடங்காகும்போதெல்லாம் ஆதரவு சுமார் 15 சதவீதப் புள்ளிகள் குறைவதாகக் கணக்கிட்டார். இழப்பு நூறிலிருந்து ஆயிரமானாலும், ஆயிரத்திலிருந்து பத்தாயிரமானாலும் சரிவு ஒன்றே. அதாவது, தொடக்கத்தின் சிறு இழப்பே பலரை உலுக்கிவிடுகிறது. பின்னால் பேரிழப்புகூட மெல்லத்தான் அசைக்கிறது. இந்தச் சூத்திரத்தைப் பின்வந்தவர்கள் பலவாறு மறுத்திருக்கிறார்கள். இழப்பைவிட வெற்றி வாய்ப்பு பற்றிய நம்பிக்கையே முக்கியம் என்பது ஒரு தரப்பு. தலைவர்கள் பிளவுபட்டால்தான் மக்களும் பிளவுபடுவர் என்பது இன்னொரு தரப்பு. வியட்நாமைப் பொறுத்தவரை மூன்றும் ஒருசேர நடந்தன.

நிக்சன் காலம்

1969 ஏப்ரலில் வியட்நாமில் இருந்த அமெரிக்கப் படை 5,43,000 பேரோடு உச்சத்தைத் தொட்டது. ஜூன் 27 தேதியிட்ட லைஃப் இதழ், ஒரே வாரத்தில் இறந்ததாக அறிவிக்கப்பட்ட 242 பேரைப் பற்றி, அவர்களில் பெரும்பாலோரின் படங்களோடு எழுதியது. பலவும் பள்ளி இறுதியாண்டுப் படங்கள். சண்டைக் காட்சி ஒன்றும் இல்லாத அந்தப் பக்கங்கள் நாட்டை வெகுவாக உலுக்கின.

நிக்சன் மக்கள் மனத்தைக் கூர்ந்து படித்தவர். அமெரிக்கர்கள் தோல்வியையும் விரும்பவில்லை, சாவையும் விரும்பவில்லை என்பதை அறிந்து, படையைத் தவணை முறையில் குறைத்தார். சண்டையைத் தென் வியட்நாம் ராணுவத்தின் தோளில் ஏற்றினார். கட்டாயச் சேவைக்கு 1969 டிசம்பரில் குலுக்கல் முறையைக் கொண்டுவந்தார். அதற்கு முந்தைய மாதம், நவம்பர் 3 அன்று, மௌனப் பெரும்பான்மை என்று அவர் அழைத்த மக்களை நோக்கி ஆற்றிய உரைக்குப் பின் எடுத்த கணிப்பில் அவருக்கு 77 சதவீத ஆதரவு. அமெரிக்கச் சாவு குறைந்தது. வானிலிருந்து குண்டுகள் விழுந்துகொண்டே இருந்தன. 1970ல் போர் கம்போடியாவுக்குள்ளும் பரவியது. அமெரிக்கரின் உயிரிழப்பை மட்டும் குறைத்தால் உள்நாட்டு எதிர்ப்பு தணியும் என்ற கணக்கு பலித்தது. அதற்கான விலையை வியட்நாமியரும் கம்போடியரும் கொடுத்தார்கள்.

குறித்த நாளுக்குள் படைகளைத் திரும்ப அழைக்கக் கோரிய மெக்கவர்ன்-ஹாட்ஃபீல்ட் திருத்தம் 1970 செப்டம்பர் 1 அன்று செனட்டில் 55க்கு 39 என்று தோற்றது. அதே மாதத்தில் காலப் கேட்டபோது மக்களில் 55 சதவீதம் பேர் அந்த யோசனையை ஆதரித்தார்கள். 1971 ஜனவரியில் அது 70 சதவீதத்தைத் தாண்டியது. போர் தவறு என்றவர்கள் 1971 மே மாதத்தில் 61 சதவீதம். தவறில்லை என்றவர்கள் 28 சதவீதம். ஆயினும் கேள்வியில் இரண்டு சொல் கூட்டினால் பதில் தலைகீழானது. தென் வியட்நாம் கம்யூனிஸ்டுகள் வசமானாலும் திரும்ப வேண்டுமா, போர்க்கைதிகள் உயிருக்கு ஆபத்து வந்தாலும் திரும்ப வேண்டுமா என்று கேட்டபோது ஆதரவு செங்குத்தாகச் சரிந்தது. அரசுக்கு வேண்டிய பதில் எப்போதும் ஏதோ ஒரு கணிப்பில் கிடைத்துக்கொண்டே இருந்தது.

உடனடி விலக்கலை முன்வைத்து 1972 அதிபர் தேர்தலில் நின்ற செனட்டர் ஜார்ஜ் மெக்கவர்ன் 49 மாநிலங்களில் தோற்றார். மக்கள் போரை ஏற்றுக்கொண்டுவிட்டார்கள் என்பதல்ல இதன் பொருள். அந்த ஆண்டு முடிவில் வியட்நாமில் மிஞ்சியிருந்த அமெரிக்கர் சுமார் 24,000 பேரே. பெரும்பாலோர் பார்வையில் நிக்சன் ஏற்கெனவே படைகளைத் திரும்ப அழைத்துக்கொண்டிருந்தார். பாரிஸ் உடன்படிக்கை 1973 ஜனவரி 27 அன்று கையெழுத்தானது. மார்ச் 29 அன்று கடைசிப் போர்ப்படைகள் வெளியேறின. 1975 ஏப்ரல் 30 அன்று சைகோன் விழுந்தது. இறந்த அமெரிக்கர் 58,000க்கும் மேல். வியட்நாம் அரசு 1995ல் வெளியிட்ட கணக்கின்படி பொதுமக்கள் சுமார் 20 லட்சம் பேரும், வடக்கு மற்றும் கெரில்லாத் தரப்புப் போராளிகள் 11 லட்சம் பேரும் மாண்டனர்.

பின்வந்த போர்கள்

1973ல் கட்டாயச் சேவை முடிவுக்கு வந்தது. அதே ஆண்டு நவம்பரில், அதிபரின் தடையாணையை மீறி, போர் அதிகாரத்தைக் கட்டுப்படுத்தும் தீர்மானத்தை நாடாளுமன்றம் நிறைவேற்றியது. 2003ல் இராக் மீது படையெடுத்தபோது காலப் தன் பழைய கேள்வியை மறுபடி எடுத்தது. வியட்நாமில் மூன்று ஆண்டு பிடித்த மாற்றம் இராக்கில் பதினைந்தே மாதத்தில் வந்தது. 2004 ஜூனில் படை அனுப்பியது தவறு என்றவர்கள் 54 சதவீதம். ஆனால் 2006 நவம்பரில் ஆளுங்கட்சி இரு அவைகளையும் இழந்த பிறகும், 2007 ஜனவரியில் அதிபர் ஜார்ஜ் புஷ் கூடுதலாக 20,000க்கும் மேற்பட்ட படையினரை அனுப்ப முடிவெடுத்தார். படைகள் வெளியேறியது 2011 டிசம்பரில். ஆப்கானிஸ்தானில் தவறு என்றவர்களும் தவறில்லை என்றவர்களும் 2014ல் சமநிலைக்கு வந்தார்கள்; கடைசி விமானம் காபூலிலிருந்து கிளம்பியது 2021 ஆகஸ்டில். தாமாக முன்வந்து சேர்ந்தவர்களின் ராணுவம் என்பதால், பெரும்பாலான வீடுகளுக்குப் போர் தொலைவில் நடந்தது. இராக் விஷயத்தில் மனம் முன்பைவிட விரைவாக மாறியது. ஆனால் இரு நாடுகளிலிருந்தும் படைகள் முன்பைவிடத் தாமதமாகத் திரும்பின.