வரலாறு: மேஜரும் அலைடும்

கலைக் கல்லூரிச் சேர்க்கை நாள்களில், பி.ஏ. வரலாறு என்று சொன்னதுமே பெற்றோர் கேட்பது "இதைப் படிச்சா என்ன வேலை கிடைக்கும்?" என்பதுதான். பிள்ளையின் மூன்று ஆண்டுகளைப் பற்றிய கவலை அது, கேட்கத்தான் வேண்டும். ஆனால் அதே நாளில் கேட்க வேண்டிய இன்னொன்றை யாரும் கேட்பதில்லை. வரலாற்றை முதன்மைப் பாடமாக, மாணவர் பேச்சில் 'மேஜராக', எடுப்பதற்கும், வேறொரு பட்டப்படிப்புக்குத் துணையாக, 'அலைடாக'ப் படிப்பதற்கும் என்ன வேறுபாடு? இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், முழுசு ஒன்று, அரைகுறை மற்றொன்று என்று ஒதுக்கிவிட முடியவில்லை.

முதலில் அமைப்பைப் பார்ப்போம். தமிழ்நாட்டு இளநிலைப் பட்டத்தில் பகுதி 1 தமிழ், பகுதி 2 ஆங்கிலம். பகுதி 3-இல்தான் மேஜரும் அலைடும் வருகின்றன. மேஜர் மாணவருக்கு ஆறு செமஸ்டரும் வரலாறு: சிந்துவெளியில் தொடங்கி விடுதலைக்குப் பின் வரை இந்தியா, சங்க காலம் தொட்டுத் தமிழகம், ஐரோப்பா, அரசமைப்பு, கடைசியில் வரலாற்று வரைவியல். அலைடு பெரும்பாலும் முதல் இரண்டு ஆண்டுகளோடு முடிந்துவிடும். தமிழ் இலக்கியம் படிப்பவருக்குத் தமிழக வரலாறும் பண்பாடும். ஆங்கில இலக்கியம் படிப்பவருக்கு இங்கிலாந்தின் சமூக வரலாறு.

பல்கலைக்கழக மானியக் குழு 2022 டிசம்பரில் வெளியிட்ட பாடத்திட்டச் சட்டகம் இதையே மேஜர், மைனர் என்கிறது. மூன்று ஆண்டுப் பட்டத்தின் 120 கிரெடிட்டில் மேஜருக்குக் குறைந்தது 60, மைனருக்கு 24. அந்த முறையில் மைனரைத் தேர்ந்தெடுப்பது மாணவரின் விருப்பம். நம் கல்லூரிகளில் அலைடு என்பது பெரும்பாலும் துறை முன்கூட்டியே முடிவு செய்து வைத்திருப்பது. தானே விரும்பி எடுக்காத பாடத்தை மாணவர் எப்படிப் படிப்பார் என்பதைச் சொல்லத் தேவையில்லை. இலங்கைப் பல்கலைக்கழகங்களின் மரபு வேறு: மூன்று பாடங்களோடு மூன்றாண்டுப் பொதுப் பட்டம், ஒரே பாடத்தை ஆழ்ந்து படித்து ஆய்வேடும் எழுதும் நான்காண்டுச் சிறப்புப் பட்டம். அங்கே சிறப்பு என்றால் கூடுதல் தாள்கள் மட்டும் என்று பொருளில்லை. மாணவரே ஒரு சிறு ஆராய்ச்சியைச் செய்து முடிக்க வேண்டும். அந்த ஆய்வேடுதான் என் கண்ணில் பெரிய வேறுபாடு.

ஒரே ஒரு சான்றை எடுத்துக்கொண்டு இரண்டு மாணவர்களையும் அதன் முன் நிறுத்திப் பார்ப்போம். உத்திரமேரூர் வைகுந்தப் பெருமாள் கோயில் சுவரில் சோழ மன்னன் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு உள்ளன: ஒன்று 919-ஆம் ஆண்டைச் சேர்ந்தது, மற்றது 921. அலைடு பாடத்தில் இது ஒரு பத்தி. ஊர்ச் சபையின் வாரியங்களுக்கு (செயற்குழுக்களுக்கு) ஆள் தேர்ந்தெடுக்க முப்பது குடும்புகள் (ஊர்ப் பிரிவுகள்), தகுதியுள்ளவர் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் இடுதல், சிறுவன் ஒருவனை விட்டு எடுக்கச் சொல்லுதல், ஏரி வாரியம், தோட்ட வாரியம். தேர்வில் 'குடவோலை முறை: சிறு குறிப்பு வரைக' என்று ஐந்து மதிப்பெண். எழுதிவிட்டுப் போகலாம். அந்தப் பத்தியில் பொய் எதுவும் இல்லை. ஒரு தமிழ் மாணவருக்கோ பொருளியல் மாணவருக்கோ தன் ஊரின் பழைய ஆட்சிமுறை பற்றி அவ்வளவு தெரிந்திருப்பதே நல்லதுதான்.

மேஜர் மாணவர் அங்கே நின்றுவிடக் கூடாது. இரண்டே ஆண்டு இடைவெளியில் அதே சபை ஏன் மறுபடியும் கூடி விதியை எழுதியது? முதல் கல்வெட்டில் உறுப்பினர் வயது 30-க்கு மேல் 60-க்குள். இரண்டாவதில் 35-க்கு மேல் 70-க்குள். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரை மட்டுமில்லாமல் அவருடைய உறவினரையும் விலக்கி வைக்கும் விதி எதனால் வந்திருக்கும்? கால் வேலிக்கு மேல் வரி செலுத்தும் நிலம், சொந்த மனையில் வீடு, வேதக் கல்வி என்று தகுதி வகுத்திருக்கிறார்கள் என்றால், குடத்துக்குள் யாருடைய ஓலை போகவே முடியாது? உத்திரமேரூர் ஒரு சதுர்வேதிமங்கலம், பிராமணர்களுக்கு அளிக்கப்பட்ட ஊர். வேளாளர் ஊர்களில் 'ஊர்' என்ற அவை இருந்தது, வணிகருக்கு 'நகரம்' இருந்தது. ஒரு சதுர்வேதிமங்கலத்தின் விதியை எடுத்துச் சோழநாடு முழுவதற்கும் மக்களாட்சி என்று பெயர் சூட்டுவது சரியா? கல்வெட்டு மாறவில்லை. அதன்முன் நிற்பவர் கேட்கும் கேள்விகள்தான் இத்தனை.

இன்னும் ஒரு படி மேலே உண்டு. 1930-களில் சோழர் வரலாற்றை எழுதிய கே.ஏ. நீலகண்ட சாஸ்திரி வலுவான மைய அரசையும் அதன் கீழ் துடிப்பான ஊர் அவைகளையும் கண்டார். 1980-இல் அமெரிக்க ஆய்வாளர் பர்ட்டன் ஸ்டைன் அந்த மைய அரசே மிகைப்படுத்தப்பட்டது என்றார். உண்மையான அதிகாரம் நாடு என்னும் வட்டார அளவில் கிடந்தது என்பது அவர் வாதம். எ. சுப்பராயலு சோழமண்டலத்தின் நாடுகளை ஒவ்வொன்றாக வரைபடத்தில் குறித்தார். ஜப்பானிலிருந்து வந்து தமிழ்க் கல்வெட்டுகளில் வாழ்நாளைச் செலவிட்ட நொபொரு கராஷிமா அவரோடு சேர்ந்து வரிப்பெயர்களையும் அதிகாரிகளின் பட்டங்களையும் எண்ணிக் கணக்கிட்டு, ஸ்டைன் சொன்ன அளவுக்கு அரசு பலவீனமானதாக இல்லை என்று மறுத்தார். ஒரே கல்வெட்டுத் தொகுதி, அதன்மேல் எழுந்த வெவ்வேறு முடிவுகள். எந்த முடிவு எந்தச் சான்றின் மேல் நிற்கிறது என்று பிரித்துப் பார்க்கும் பழக்கம்தான் மேஜர் தரக்கூடியது. அதற்கு நேரம் வேண்டும், ஆறு செமஸ்டர் வேண்டும். இரண்டு செமஸ்டரோ நான்கு செமஸ்டரோ வந்துபோகும் அலைடில் அது கைகூடாது.

'தரக்கூடியது' என்றுதான் எழுதியிருக்கிறேன். தருகிறதா என்பது வேறு கேள்வி. கல்வெட்டு மைப்படி ஒன்றைக் கண்ணால்கூடப் பார்க்காமல் பி.ஏ. முடிப்பவர்கள் எத்தனையோ பேர். வரைவியல் தாளே கைடு பார்த்து மனப்பாடம் செய்யும் தாளாகிவிட்டது. இதில் எனக்கு உண்மையிலேயே வருத்தம் தரும் ஒரு விஷயம் உண்டு. தமிழ் வழியில் படிக்கும் மேஜர் மாணவர் தன்னைக் குறைந்தவராக நினைத்துக்கொள்கிறார். சோழர் கல்வெட்டுகளில் பெரும்பாலானவை தமிழில் இருக்கின்றன. கராஷிமா கடல் கடந்து வந்து கற்றுக்கொண்ட மொழி இவருக்குத் தாய்மொழி. எழுத்து வடிவத்தையும் கொஞ்சம் கிரந்தத்தையும் யாராவது சொல்லிக்கொடுத்தால் போதும். அதைச் சொல்லிக்கொடுக்காமல் வினா வங்கியைக் கொடுக்கிறோம்.

அலைடின் பலம் வேறு இடத்தில் இருக்கிறது: அது இன்னொரு பாடத்தின்மேல் சாய்ந்து நிற்கும்போது. ஆங்கில இலக்கிய மாணவர் சமூக வரலாற்றுத் தாளில் 1834-ஆம் ஆண்டின் ஏழைகள் சட்டத்தைப் படிக்கிறார். உதவி வேண்டுபவர் பணிவிடுதிக்குள்தான் வர வேண்டும், அங்கே வாழ்க்கை வெளியில் இருக்கும் கடைநிலைத் தொழிலாளியின் வாழ்க்கையைவிடக் கீழாகவே இருக்க வேண்டும் என்பது அந்தச் சட்டத்தின் நோக்கம். 1837-இல் தொடராக வரத் தொடங்கிய 'ஆலிவர் ட்விஸ்ட்' நாவலைப் பிறகு கையில் எடுக்கட்டும். சிறுவன் இன்னொரு கிண்ணம் கஞ்சி கேட்கும் இடம் வெறும் பரிதாபக் காட்சியாக இருக்காது. ஒரு சட்டத்தின்மேல் விழுந்த அடியாகத் தெரியும். வரலாற்று மேஜர் மாணவர் அந்தச் சட்டத்தை ஆண்டோடு மனப்பாடம் செய்திருக்கலாம். நாவலைப் படித்தவருக்கு அது உறைக்கும் விதத்தில் அவருக்கு உறைக்குமா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

பெரிய அளவிலும் இதற்குச் சான்று உண்டு. பிற்காலச் சோழர் சரித்திரத்தை எழுதிய தி.வை. சதாசிவ பண்டாரத்தார் தமிழாசிரியர். சென்னை மாகாணத்தின் வேளாண் கூலிகளைப் பற்றி 1965-இல் வெளிவந்த நூலை எழுதிய தர்மா குமார் பொருளியல் அறிஞர். நிலமற்ற உழைப்பாளர்கள் ஆங்கிலேயர் வருமுன்னரே இங்கே பெருமளவில் இருந்தார்கள் என்று அவர் வாதிட்டது, சாதியையும் கூலியையும் பொருளியலாளர் கண்ணால் பார்த்ததால். டி.டி. கோசாம்பி கணிதப் பேராசிரியர். பழைய முத்திரைக் காசுகளை எடைபோட்டு, புழக்கத்தில் தேய்ந்த அளவைப் புள்ளியியல் கொண்டு ஆராய்ந்தார். இவர்கள் யாரும் அலைடு தாளோடு நின்றுவிட்டவர்கள் இல்லை, வாழ்நாள் முழுக்க உழைத்தவர்கள். ஆனால் தங்கள் முதல் பாடத்தின் கருவியை வரலாற்றுக்குள் கொண்டுவந்ததால்தான் அவர்களால் புதிதாக ஒன்றைச் சொல்ல முடிந்தது.

வேலை பற்றிய கேள்விக்குச் சுருக்கமாகவே விடை சொல்லலாம். பள்ளியில் வரலாறு கற்பிக்க மேஜர் வேண்டும், அதன்மேல் பி.எட். வேண்டும். குடிமைப் பணித் தேர்வில் வரலாற்றை விருப்பப் பாடமாக எடுக்க, தலா 250 மதிப்பெண்ணுக்கு இரண்டு தாள், எந்தப் பட்டம் பெற்றவருக்கும் உரிமை உண்டு. குரூப் 2 தேர்வுக்கும் வரலாற்றுப் பட்டம் தேவையில்லை. போட்டித் தேர்வுக்காக மட்டும் வரலாற்றை மேஜராக எடுப்பது அவசியமில்லாத வேலை.

என் தீர்ப்பு இது. கடந்த காலத்தைப் பற்றித் தானே ஒரு முடிவுக்கு வந்து அதைச் சான்றோடு நிறுத்திக்காட்ட விரும்புகிறவர் மேஜர் எடுக்க வேண்டும். அதற்கு மாற்று இல்லை. ஆனால் ஒரு கல்வெட்டையோ ஆவணத்தையோ கடைசிவரை தொடாத மேஜரைவிட, தமிழோடோ பொருளியலோடோ பிணைத்துப் படித்த அலைடு எவ்வளவோ மேல்.

மேஜர் எடுத்திருக்கும் மாணவர்களே, சென்னையில் இருந்தால் எழும்பூர் ஆவணக் காப்பகம் 1909 முதல் அங்கேதான் இருக்கிறது. வெளியூரில் இருந்தால் பக்கத்துப் பழங்கோயிலின் அதிட்டானத்தில் எழுத்து இருக்கும். அலைடாகப் படிப்பவர்களே, உங்கள் மேஜர் ஆசிரியரிடம் இந்தத் தாள் நம் பாடத்தை எங்கே தொடுகிறது என்று வாய்விட்டுக் கேளுங்கள். துறைத் தலைவர்களிடம் கேட்பது ஒன்றுதான்: ஆறாம் செமஸ்டர் வரை காத்திருக்காமல், இரண்டாம் ஆண்டிலேயே ஒரு முழுக் கல்வெட்டை மாணவர்களை எழுத்துக்கூட்டி வாசிக்க வையுங்கள், அந்த வகுப்பில் அலைடு மாணவர்களுக்கும் இடம் கொடுங்கள்.